‘சர்ச்’ என்னும் சொல்லும் தமிழ்ச் சபையும்

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், சென்னை கதீட்ரல் சாலையில் உள்ள தூய ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் திருமண்டலங்கள் நான்கும், தென்னிந்திய மெதடிஸ்த மாகாணமும், தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாயின. பிறந்த புதிய உடலுக்கு அன்றே இரண்டு பெயர்கள் இருந்தன. ஆங்கிலத்தில் அது ‘சர்ச் ஆஃப் சவுத் இந்தியா’. தமிழில் ‘தென்னிந்தியத் திருச்சபை’. ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு என்றே நாம் கருதி வருகிறோம். சொற்களின் வரலாற்றைப் பார்த்தால் அவ்வாறு கூற இயலாது. ஆங்கிலப் பெயர் ஒரு வீட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழ்ப் பெயர் ஒரு கூட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. இவ்வேறுபாடு அகராதி ஆராய்ச்சியோடு முடிந்துபோவதன்று. சபை என்பது யார், அல்லது எது, என்ற வினாவுக்கு நம் மக்கள் கொடுத்துவரும் விடையோடு அது பின்னிக் கிடக்கிறது. ஆதலின் அச்சிறு ஆங்கிலச் சொல் நம் நகரில் எவ்வெவ்வாறு வழங்கி வந்துள்ளது என்பதை ஈண்டு ஆராய விழைகிறோம்.

‘சர்ச்’ என்பதன் வேர் கிரேக்கத்தில் உள்ளது. ‘கூரியோஸ்’ என்றால் ஆண்டவர். ‘கூரியக்கோன்’ என்றால் ஆண்டவருக்குரியது. நான்காம் நூற்றாண்டளவில் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் தங்கள் வழிபாட்டு வீட்டை இப்பெயரால் அழைத்தனர். செருமானிய இனத்தார் அதைத் தங்கள் மொழிக்குள் கொண்டுசென்றனர். ஜெர்மானியரின் ‘கிர்ஹே’, ஸ்காட்லாந்தியரின் ‘கிர்க்’, ஆங்கிலேயரின் ‘சர்ச்’ ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தவை. புதிய ஏற்பாட்டிலோ இந்த உரிச்சொல் இரண்டே இடங்களில் வருகிறது: ஒன்று ஆண்டவருடைய பந்தியைப்பற்றி (1 கொரிந்தியர் 11:20), மற்றொன்று ஆண்டவருடைய நாளைப்பற்றி (வெளிப்படுத்தல் 1:10). ஆண்டவருடைய கட்டிடம் என்ற பொருளில் ஓரிடத்திலும் இல்லை. அப்போஸ்தலர்கள் வழங்கிய சொல் ‘எக்ளேசியா’. அழைக்கப்பட்டுக் கூடிய மக்கள். பிரெஞ்சு, ஸ்பானிய, போர்ச்சுகீசிய மொழிகள் அச்சொல்லையே திரித்து வைத்துக்கொண்டன. ஆனால் அம்மொழிகளிலும் கட்டிடத்திற்கு வேறு பெயர் இல்லை என்பதை மறக்கலாகாது. வேர் எதுவாயினும், கூட்டத்தின் பெயர் கூரையின்மேல் ஏறிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இச்சொல் சுமக்கும் பாரம் மிகப் பெரிது. கட்டிடம் சர்ச். அதில் கூடுவோர் சர்ச். ஞாயிறு காலை ஆராதனை சர்ச். ‘சர்ச் முடிந்தபின் வருகிறேன்’ என்பர். ஒரு பிரிவினர் சர்ச், உலகளாவிய கிறிஸ்துவின் உடலும் சர்ச். குருத்துவத்தைத் தொழிலாக மேற்கொள்வது சர்ச்சுக்குள் நுழைவது. அரசுக்கு எதிரே நிறுத்தப்படும் சமய அதிகாரம் சர்ச். வினைச்சொல்லாகவும் வருவதுண்டு: பிள்ளை பெற்ற தாயை நன்றி செலுத்த ஆலயத்திற்கு அழைத்துவரும் பொதுஜெப நூலின் ஒழுங்குக்கு அதுவே பெயர்.

இக்குழப்பத்தைச் சீர்திருத்தக்காரர்கள் உணர்ந்திருந்தனர். லூத்தர் தம் மொழிபெயர்ப்பில் எக்ளேசியாவுக்குக் ‘கிர்ஹே’ என்பதை விலக்கிச் சமுதாயம் எனப் பொருள்படும் ‘கெமைனே’ என்ற சொல்லைப் பெய்தார். 1539இல் எழுதிய சங்கங்களைப்பற்றிய நூலில் ‘கிர்ஹே’ பொருள் விளங்காத அந்நியச் சொல் என்றும் குறைகூறினார். ஆங்கிலத்தில் வில்லியம் டிண்டேல் 1526இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் எக்ளேசியாவுக்குச் ‘சர்ச்’ இல்லை, ‘காங்கிரிகேஷன்’ இருந்தது. சர் தாமஸ் மோர் இதனைத் தாக்கி 1529இல் எழுதினார். ஒரு சொல்லுக்காக இவ்வளவு சினமா என்று மாணவர் வியக்கலாம். மோர் கண்டதில் பிழையில்லை: சபை என்பது கூடியிருக்கும் விசுவாசிகள் என்றாகிவிட்டால், பேராயரும் போப்பும் வீற்றிருக்கும் பீடம் ஆட்டங்காணும். அரசர் ஜேம்ஸ் 1604இல் மொழிபெயர்ப்பாளர்களுக்கு விதிகள் வகுக்கச் செய்தபோது, பழைய திருச்சபைச் சொற்களை மாற்றக் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று. எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டதே ‘சர்ச்’ என்பதுதான். 1611இன் ஆங்கில வேதாகமம் அவ்விதிக்குக் கீழ்ப்படிந்தது.

கீழ்ப்படிந்ததன் விளைவை அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் காணலாம். எபேசு நகர அரங்கில் கூச்சலிட்ட கூட்டத்தை லூக்கா மூன்று முறை எக்ளேசியா என்கிறார். ஆங்கிலத்தில் அங்கே ‘சர்ச்’ வரவில்லை. ஆனால் அதே அதிகாரம் 37ஆம் வசனத்தில், கோயில்களைக் கொள்ளையிடுவோர் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லை மொழிபெயர்க்க ‘சர்ச்’ வந்துவிட்டது! தியானாளின் நகரத்தில் உள்ள புறமதக் கோயில் சர்ச் ஆகிறது. எக்ளேசியாவோ சர்ச் ஆவதில்லை. கட்டிடம் என்னும் பழம்பொருள் அம்மொழியில் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஹென்றி பவரின் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த நம் ஐக்கிய மொழிபெயர்ப்பு அங்கே நேர்மையாகக் கோவில் என்றே சொல்கிறது. லண்டன் அரசரின் விதி சென்னைக் குழுவினரைக் கட்டவில்லை. எக்ளேசியா விசுவாசிகளைக் குறிக்கும் இடங்களில் ‘சபை’ என்றனர். கட்டிடத்திற்குக் கோவிலும் ஆலயமும் இருந்தன. டிண்டேல் உயிரைக் கொடுத்தும் ஆங்கிலத்தில் நிலைநிறுத்த முடியாததைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் யாதொரு போராட்டமுமின்றிப் பெற்றனர் எனலாம். முற்றும் பெற்றனர் என்று கூறமாட்டோம். யாக்கோபு 2:2இல் ஐசுவரியவானும் தரித்திரனும் வந்து சேரும் இடத்தை அவர்கள் ஆலயம் என்றனர். கிரேக்கத்தில் அங்கே இருப்பது கூடுகையைக் குறிக்கும் ‘சினகோகே’. ஆங்கிலமே அவ்விடத்தில் கூட்டம் என்றுதான் சொல்கிறது.

இனி நம் நகருக்கு வருவோம். மயிலாப்பூரில் லஸ் என்ற பகுதிக்கே பெயர் தந்த பிரகாச மாதா ஆலயம், தன் கல்வெட்டின்படி 1516இல் போர்ச்சுகீசியரால் கட்டப்பட்டது. சுற்றிலும் காடாயிருந்த காலத்தில் ஊரார் அதற்கு இட்ட பெயர் ‘காட்டுக் கோயில்’. கடற்கரையில் தூய தோமாவின் கல்லறைமேல் எழுந்த ஆலயத்தையும் மக்கள் கோயில் என்றே வழங்கினர். இப்போதுள்ள சாந்தோம் பேராலயம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது. கபாலீசுவரர் இருப்பதும் கோயில், மாதா இருப்பதும் கோயில். இதனைக் கலப்பு என்று சிலர் முகஞ்சுளித்ததுண்டு. ஆனால் கோயில் என்பது கோ, இல் என்ற இரு சொற்களின் சேர்க்கை, தலைவனின் வீடு. பழந்தமிழில் அரசனின் அரண்மனையும் கோயிலே. ‘கூரியக்கோன்’ என்பதற்கு எழுத்துக்கு எழுத்து நேரான சொல்லைத் தேடினால் தமிழில் அகப்படுவது இதுவே. ‘சர்ச்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அதன் வேரோடு மொழிபெயர்த்தவர்கள் மொழிபெயர்ப்புக் குழுவினர் அல்லர். மயிலாப்பூரின் மீனவரும் உழவருமே என்று சொன்னால் மிகையாகாது. திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தத் திருச்சபை மக்கள் இன்றும் ஞாயிறன்று கோயிலுக்குத்தான் போகிறார்கள். கோயில்பிள்ளை என்று மக்களுக்குப் பெயரிடுவதும் அங்குண்டு. சென்னையிலோ நம்மவர் ஆலயம், தேவாலயம் என்று பிரித்துப் பேசக் கற்றனர். அவற்றையும் கைவிட்டுச் சர்ச் என்கின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை ஆங்கிலேயரிடம் ‘சர்ச்’ என்ற சொல் ஒரு படிவரிசையை உணர்த்தியது. 1815இல் சவுல்ட்ரி சமவெளியில் எழுந்த தூய ஜார்ஜ் ஆலயம் சர்ச். 1835இல் டேனியல் காரி முதற் பேராயராக வந்தபோது கதீட்ரல் ஆயிற்று. 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டப்படி அப்பேராயருக்கு இந்திய வருவாயிலிருந்து ஊதியம் கொடுக்கப்பட்டது. கம்பெனியின் குருமாரும் அரசு ஊழியரே. அவர்கள் அடங்கிய துறைக்கு ‘எக்ளீசியாஸ்டிக்கல்’ என்று பெயர். எக்ளேசியா அரசாங்க இலாகாவின் பெயர்ப்பலகைக்கு வந்து சேர்ந்த கதை இது. எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட ஸ்காட்லாந்தியரின் தூய அந்திரேயா ஆலயம் ‘கிர்க்’. நகரில் இன்றும் அப்பெயரே வழங்குகிறது. ராயப்பேட்டை வெஸ்லியருக்கும் பிற சுயாதீன சபையாருக்கும் ‘சேப்பல்’ தான் உரியது. சர்ச் என்று சொல்லிக்கொண்டால் அது உரிமை மீறல். தமிழ் விசுவாசிகள் கூடிய இடமோ ‘மிஷன்’. அதாவது ஆங்கிலேயன் சபையாக இருந்தான். தமிழன் ஊழியத்தின் பயனாக இருந்தான். தமிழில் பேசியபோது இவ்வேறுபாடுகளில் ஒன்றையும் சொல்ல முடியாது. சேப்பலுக்கும் கிர்க்குக்கும் தனித்தனிச் சொல் தேடிக் கொடுக்க நம் முன்னோர் மெனக்கெடவில்லை. எல்லாம் ஆலயம், எல்லாரும் சபை.

ஆனால் தமிழ்ச் சொல் தூயது, அதைச் சொன்னவர்களும் தூயவர் என்று பெருமை பாராட்ட வரலாறு இடங்கொடாது. சபை என்பது வேதகாலந்தொட்டே கூட்டத்தையும் கூடும் மண்டபத்தையும் ஒருங்கே குறித்த வடசொல். தமிழகத்தில் அது பெற்ற பொருள் இன்னும் குறுகியது. உத்திரமேரூரில் முதற் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலை விவரிக்கின்றன. அங்கே சபை என்பது பிரமதேய ஊரின் நிலமுடைய பிராமணரின் மன்றம். மற்ற ஊரார் கூடியது ‘ஊர்’, வணிகர் கூடியது ‘நகரம்’. யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லாத ஒரு கூட்டத்திற்கு, தகுதிகளால் வேலியிடப்பட்ட இச்சொல் வந்து வாய்த்தது. வேலி சொல்லோடு நிற்கவில்லை. சபையில் சாதி வேறுபாடுகளை உடனே விட்டொழிக்க வேண்டுமென்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றுமடல் விடுத்தபோது, வேப்பேரியில் உயர்சாதி விசுவாசிகள் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். மக்களைக் குறிக்கும் சொல்லை வைத்திருந்தவர்கள்தாம் ஒரு கட்டிடத்துள் யார் எங்கே அமர்வது என்பதற்காக மக்களைப் பிரிந்து போனார்கள்.

அந்நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலச் சொல்லையே தமிழர் தமக்கென உரிமை கோரத் தொடங்கினர். சுதேச சபை தன்னைத் தானே தாங்கி, ஆண்டு, பரப்ப வேண்டும் என்ற ஹென்றி வென்னின் கொள்கைப்படி ஏற்பட்ட ‘நேட்டிவ் சர்ச் கவுன்சில்’ முயற்சிகளில், சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் ஆயர் டபிள்யூ. டி. சத்தியநாதன் முன்னின்றார். மருத்துவர் புல்னி ஆண்டி 1886இல் சென்னையில் ‘நேஷனல் சர்ச்’ என்ற இயக்கத்தைத் தோற்றுவித்தார். அது நீடித்து வளரவில்லை. ஆயினும், மிஷன் என்று அழைக்கப்பட்டவர்கள் நாங்களே சர்ச் என்று எழுந்து சொன்னது சிறிய செய்தியன்று.

1938ஆம் ஆண்டின் விவாதத்தில் சற்று நின்று செல்வோம். நம் இறையியல் கல்லூரிகளில் அதனை இன்றும் பாடமாகப் பயில்கிறோம். அவ்வாண்டு டிசம்பரில் தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அகில உலக மிஷனரிக் கழகம் கூடிற்று. சபையே அம்மாநாட்டின் மையப் பொருள். அதற்கு முன்னரே, பி. செஞ்சையா, வி. சக்கரை முதலானோர் ‘ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா’ என்ற நூலை வெளியிட்டிருந்தனர். செஞ்சையாவின் வாதம் கூர்மையானது: இயேசு அறிவித்தது இறையரசை, அதன் இடத்தைப் பின்னாளில் சர்ச் பிடித்துக்கொண்டது, இந்தியாவுக்கு அந்த நிறுவனம் இன்றியமையாதது அன்று. மாநாட்டினரோ, சபையின்றிச் சாட்சி ஏது என்றனர். இருதரப்பாரும் ஆங்கிலத்தில் எழுதினர். இருதரப்பாரும் ஒரே சொல்லை வழங்கினர். செஞ்சையா அச்சொல்லில் கண்டது ஆலயங்களும், சொத்தும், மிஷன் பங்களாவும், ஊதியப் பட்டியலும், அந்நிய ஒழுங்குகளும். மாநாட்டினர் கண்டது கிறிஸ்துவின் உடலாகிய ஐக்கியம். இவ்விவாதம் முழுவதும் சொற்குழப்பம் என்று நாம் தள்ளிவிடமாட்டோம். இறையரசுக்கும் சபைக்கும் உள்ள உறவு மெய்யான வினா. எனினும், தமிழில் வாதிட்டிருந்தால் முதற்பக்கத்திலேயே ஒவ்வொருவரும் தாம் கூறுவது சபையையா, நிறுவனத்தையா, ஆலயத்தையா என்று தெரிவித்தே தீரவேண்டியிருக்கும். பாதிப் புகை அப்போதே அடங்கியிருக்கும் என்பது நம் கருத்து.

ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் கதீட்ரல் சாலையில் நடந்தது இப்பின்னணியில் வைத்துப் பார்க்கத்தக்கது. சர்ச் என்றும் சேப்பல் என்றும் பிரிந்திருந்தவர்கள் திருச்சபை என்ற ஒரு சொல்லின்கீழ் வந்தனர். அன்று அருட்பொழிவு பெற்ற பேராயர்களின் பட்டத்திலும் ஒரு நுட்பம் உண்டு. லெஸ்லி நியூபிகின் மதுரை இராமநாதபுரத்தின் பேராயர் அல்லர். மதுரை இராமநாதபுரத்தில் பேராயர். ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ என்பதை விலக்கி ‘இன்’ என்று எழுதினர். பேராயர் ஓர் இடத்தின் உடைமையாளர் அல்லர், அங்குள்ள மக்களிடையே இருப்பவர் என்பதே கருத்து. ‘சர்ச்’ என்பதையும் இவ்வாறே சீர்தூக்கியிருக்கலாம். அதற்கு வேறு சொல் ஆங்கிலத்தில் இல்லை. மற்றொருபுறம், ஆலயங்களும் நிலங்களும் கல்லூரிகளும் யார் பெயரில் இருப்பது என்ற கேள்வி எழுந்தது. அதே 1947இல் கம்பெனிச் சட்டத்தின்கீழ் ‘சர்ச் ஆஃப் சவுத் இந்தியா டிரஸ்ட் அசோசியேஷன்’ பதிவு செய்யப்பட்டது. சொத்துகள் அதன் பெயரில் உள்ளன. ஆக, நம் சட்ட வாழ்வில் சபை வேறு, உடைமை தாங்கும் கழகம் வேறு. தமிழ்ச் சொற்கள் காட்டிய அதே பிரிவினையைக் கம்பெனிச் சட்டமும் காட்டியது விந்தையே! பின்னாளில் நீதிமன்றங்களை எட்டிய வழக்குகளில் பெரும்பாலானவை முன்னதைப்பற்றியன அல்ல, பின்னதைப்பற்றியன என்பதை ஆயர்கள் நன்கறிவர்.

தென்சென்னையில் நின்று ‘சபை’ என்ற சொல்லைக் கேட்பவனுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா, தியாகராய நகரில் கிருஷ்ண கான சபா, வாணி மகாலில் தியாக பிரம்ம கான சபா. மார்கழியில் இவ்வட்டாரத்தில் சபாவுக்குப் போவதென்றால் கச்சேரிக்குப் போவது. சபா கேன்டீன் என்றால் கட்டிடத்தின் பின்புறம். சபா செயலாளர் என்றால் உறுப்பினர்களின் கழகம். சொந்த அரங்கமின்றிப் பிறர் மண்டபத்தில் கச்சேரி நடத்தும் சபாக்களும் உண்டு. அவற்றின் இரசிகர்கள் சபா இல்லை என்று சொல்வதில்லை. அடையாற்றிலோ 1882 முதல் தலைமையிடம் கொண்டுள்ள தியசாபிக்கல் சொசைட்டிக்குப் பிரம்மஞான சபை என்று தமிழ்ப் பெயர். அதன் தோட்டத்தில் பல சமயங்களின் வழிபாட்டிடங்களுக்கிடையே லிபரல் கத்தோலிக்கரின் சிற்றாலயமும் இருக்கிறது. சபைக்குள்ளே ஒரு சர்ச்! கத்தோலிக்கரிடையே சபை என்பது துறவியரின் அமைப்பையும் குறிக்கும். இயேசு சபை என்ற பெயரை யாவரும் அறிவர். சட்டமன்றத்தின் அவைத்தலைவருக்கும் தில்லை நடராசருக்கும் சபாநாயகர் என்ற ஒரே பெயர் வழங்கியதையும் இங்கே நினைக்கலாம். ‘திரு’ என்ற அடையை நம்மவர் சேர்த்தது வெறும் மரியாதைக்காக அன்று. இத்தனை சபைகளுக்கிடையே அடையாளம் தேவைப்பட்டது.

சென்னையில் நம் இளைஞர் நாவில் இன்று மூன்று தமிழ்ச் சொற்களின் இடத்தையும் ‘சர்ச்’ பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தின் அத்தனை பொருள்களும் அதனுடன் வந்தன. எந்தச் சர்ச் என்று கேட்டால் பிரிவின் பெயரும் வரும், தெருவின் பெயரும் வரும். இதன் உச்சத்தைச் சின்னமலையில் காண்கிறோம். அங்குள்ள பெரிய பெந்தெகொஸ்தே சபை ‘அசெம்பிளிஸ் ஆஃப் காட்’ என்ற மரபைச் சேர்ந்தது. டிண்டேலைப்போல் எக்ளேசியாவை நேராக மொழிபெயர்த்த பெயர் அது. மக்கள் அதை ‘ஏ.ஜி. சர்ச்’ என்கின்றனர். கூட்டம் என்ற சொல்லை இரண்டு எழுத்தாகச் சுருக்கி, அதன்மேல் மீண்டும் கட்டிடத்தை வைத்தாயிற்று.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக வழிபாட்டுத் தலங்கள் அடைக்கப்பட்டு மாதக்கணக்கில் அவ்வாறே இருந்தன. ‘சர்ச் மூடிவிட்டார்கள்’ என்று நம் மக்கள் இயல்பாகக் கூறினர். ‘சபையை மூடிவிட்டார்கள்’ என்று ஒருவரும் கூறியதாக நாம் கேட்டதில்லை. மொழி அதற்கு இசையாது. அந்நாட்களில் ஆயர்கள் கையில் எஞ்சியிருந்தது ஆலயச் சாவி அன்று, பெயர்களும் தொலைபேசி எண்களும் அடங்கிய சபைப் பதிவேடு. குடும்பங்கள் தத்தம் வீட்டிலிருந்தே ஜெபித்தன.

பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்தில் பவுல் அவன் வீட்டில் உள்ள எக்ளேசியாவை வாழ்த்துகிறார். ஆங்கிலத்தில் அது ஒரு வீட்டுக்குள் ஒரு சர்ச் என்று வந்து, வேரறிந்தவனுக்கு வீட்டுக்குள் வீடாகத் தோன்றுகிறது. கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் வினைச்சொல் கிடையாது. ஐக்கிய மொழிபெயர்ப்பினர் ‘கூடிவருகிற’ என்ற ஒன்றைத் தாமே சேர்த்துச் சபை என்ற சொல்லுக்கு முன்னே வைத்தனர்.